நானே மாட்டிய வைஃபை கார்டு

இஷா என்கிற இரவுத் தொழுகை நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் பக்கத்து வீட்டாரோடு பேசமாட்டார்கள். எல்லாரும் போனில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். வளைகுடாவில் வேலை முடிந்து ஆண்கள் அறைக்குத் திரும்பும் நேரம் அது. கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னவன் சாப்பிடவில்லை, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, மாமிக்கு முட்டிவலி என்று ஒப்பித்துக்கொண்டிருப்பாள். என்னுடைய கணக்கு வகுப்பும் அதே நேரத்தில்தான் நடந்தாக வேண்டும். என் மாணவர்கள் குவைத்தில் இருக்கிறார்கள். பள்ளிவிட்டு வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து அவர்கள் புத்தகத்தைத் திறக்கும்போது இங்கே பள்ளிவாசலில் இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிடும்.

நான் எம்.எஸ்ஸி. கணிதம். கல்யாணத்துக்குப் பிறகும் சில வருடங்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். மாமிக்கு, அதாவது என் கணவரின் தாயாருக்கு, முட்டிவலி அதிகமானதும் வேலை நின்றது. வீட்டில் இருந்தபடி என்ன செய்யலாம் என்று யோசித்து ஆரம்பித்ததுதான் இந்த ஆன்லைன் வகுப்பு. குவைத்தில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சொல்லி, அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டுக்குச் சொல்லிச் சேர்ந்த வகுப்பு அது. அதில் யாருடைய சிபாரிசும் இல்லை, என் கணவருடைய தயவும் இல்லை. முழுக்க முழுக்க என் சம்பாத்தியம் அந்த வகுப்பு. ஆகவே அதன் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே திமிர் உண்டு.

அந்த வகுப்பு என் கையைவிட்டுப் போக இருந்தது. காரணம், என் லேப்டாப்.

அது என் கணவர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தது. வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கை வைக்கும் இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சாமானின் தாளை உரிப்பது, அதைப் பாதி கெடுத்ததற்குச் சமம். சோஃபாவுக்கும் அப்படித்தான், மிக்சிக்கும் அப்படித்தான். லேப்டாப் காலையில் நன்றாக ஓடும். மத்தியானமும் ஓடும். இஷாவுக்குப் பாங்கு சொன்னதும் மூச்சு வாங்கும். நான் இங்கே ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதிக்கொண்டிருப்பேன், அங்கே திரையில் வாயைப் பிளந்தபடி, ஒரு கண் மூடியபடி நின்றுபோயிருப்பேன். “மிஸ், நின்னுட்டீங்க” என்று பிள்ளைகள் கத்துவார்கள். அந்தக் கோலத்தைப் படம் பிடித்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் சிரிக்கட்டும், பரவாயில்லை. ஆனால் அதில் ஒரு பெண் சிரிக்க மாட்டாள். எட்டாம் வகுப்பு. சொந்த ஊர் நன்னிலம் பக்கம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குவைத் போன குடும்பம். அவளுக்குக் கணக்கு என்றால் பயம். படம் நின்று மறுபடி ஓடும்போது நடுவில் ஒரு வரி காணாமல் போயிருக்கும். மற்றவர்கள் “மிஸ், திரும்பச் சொல்லுங்க” என்பார்கள். இவள் கேட்க மாட்டாள். புரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு வெறும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவளுடைய அம்மா எனக்குப் போன் செய்தார்.

“தப்பா நெனைக்காதீங்க மிஸ். நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுக்கிறீங்க. ஆனா பாதி நேரம் ஸ்க்ரீன்ல அப்படியே நின்னுடுறீங்க. நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா இவ வாயத் தொறந்து கேக்க மாட்டேங்கிறா. வர்ற ஞாயித்துக்கெழம வகுப்புல நானும் கூட உக்காந்து பாக்குறேன். அன்னைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா இங்கயே ஒரு டியூஷன் சென்டர்ல சேத்துடலாம்னு இவங்கப்பா சொல்றாங்க.”

அவர் மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகப் பேசியதுதான் எனக்கு அதிகம் சுட்டது. அந்தக் கட்டடத்தில் ஒரு வீடு விலகினால் மற்ற வீடுகளும் பின்னாலேயே போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் என் வகுப்பு இல்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்கு முன்பே தெரியும். எங்கள் தெருவில் எது கெட்டாலும் ஒரே வைத்தியம்தான். வெளிநாட்டிலிருந்து அடுத்து யார் வருகிறார் என்று விசாரித்து, அவருடைய பெட்டியில் புதுச் சாமானை வைத்துவிடுவது.

“பொறுத்துக்க. அடுத்த மாசம் என் ரூம்காரர் ஊருக்கு வர்றாரு. அவரு பெட்டியில புது லேப்டாப் ஒண்ணு வச்சு விட்டுடுறேன்.”

“வகுப்பு வர்ற ஞாயித்துக்கெழமங்க.”

“அதுவரைக்கும் போன்ல எடேன்.”

போனில் எடுத்துப் பார்த்தவள்தான் நான். பேனா வைத்து எழுதும் பலகையை லேப்டாப்பில்தான் சொருக முடியும். போன் திரையில் விரலால் எழுதினால் என் எக்ஸும் ஒய்யும் ஒன்றுபோலவே இருந்தன. ரவுட்டரிலிருந்து நீளமாகக் கேபிள் இழுத்தும் பார்த்தாயிற்று. எங்கள் வீடு தெருவில் ஆரம்பித்துக் கொல்லைவரை ஓடுகிற வீடு. ரவுட்டர் முன்ஹாலில், நான் வகுப்பெடுப்பது பின்னறையில். நடுவில் கிடந்த கேபிளில் மாமி கால் தடுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். அன்றே அதைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். அன்று நல்ல கோபம். உட்கார்ந்து யோசித்தேன். அதே வீடு, அதே வைஃபை, அதே நேரம். ஆனால் முன்ஹாலில் வைத்துப் பார்த்தாலும் போனில் படம் ஓடுகிறது, லேப்டாப்பில் நிற்கிறது. அப்படியென்றால் தெருவில் வந்திருக்கும் லைனில் குறையில்லை. போனை எடுத்து வைஃபை பட்டியலைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வைஃபை இரண்டு பெயர்களில் தெரிந்தது. ஒரே பெயர்தான், ஒன்றின் வாலில் மட்டும் 5ஜி என்று இருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். அதில் வால் இல்லாத பெயர் மட்டும் இருந்தது, கூடவே எதிர்வீடு, பக்கத்து வீடு, மூலைவீடு என்று தெருவே வரிசையில் நின்றது. ஒரு கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் என்ன தடயம் வேண்டும்?

இரண்டு நாள் வீடியோ பார்த்தும் படித்தும் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. பழைய அலைவரிசை எல்லா வீட்டு வண்டியும் ஒரே சந்தில் நுழைவது மாதிரி. இஷா நேரத்தில் தெருவே துபாயோடும் குவைத்தோடும் பேசும்போது சந்து அடைத்துக்கொள்ளும். புது அலைவரிசை அகலமான ரோடு. என் லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டுக்கு அந்த ரோடு இருப்பதே தெரியாது. அது அந்தக் காலத்துக் கார்டு. அந்தச் சின்னக் கார்டை மட்டும் மாற்றினால் போதும். என் லேப்டாப் மாடலில் எந்தக் கார்டு பொருந்தும், எதைப் போட்டால் மறுத்துவிடும் என்பதுவரை பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் மாமிக்குச் சமைத்து வைத்துவிட்டுக் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினேன். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. அதையெல்லாம் ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை. மடியில் லேப்டாப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் நுழைந்தது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. அங்கிருந்தவர் லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “மேடம், இது ரொம்பப் பழசு. இதுக்குப் போய்ச் செலவு பண்ணாதீங்க. புதுசு காட்டட்டுமா?” என்றார். என்னையே பழசு என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. இன்னொரு தெருவில் மாடியில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையைக் கண்டுபிடித்தேன். நம்பரைக் காட்டியதும் கடைக்காரர் ஒரு டப்பாவைக் கிளறி, தபால்தலை அளவில் ஒரு பச்சை அட்டையை எடுத்து வைத்தார்.

“யாரு மாட்டப் போறாங்க மேடம்? சார் இருக்காங்களா?”

“சார் துபாயில இருக்காங்க. நான்தான் மாட்டப் போறேன்.”

அவர் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக் கார்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். “கழட்டி மாட்டித் தரவா?” என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கடையெல்லாம் முடிந்தபிறகு, நடுஹாலில் வெள்ளைத் துண்டை விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டேன். பக்கத்தில் பணியாரச் சட்டி. வீடியோவில் திருகுகளை இடம் மாறாமல் வைக்கச் சொல்லியிருந்தார்கள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. அதற்குப் பணியாரச் சட்டியைப்போல் வேறு பாத்திரம் உண்டா? எந்த மூலையில் கழற்றினேனோ சட்டியில் அந்தக் குழியில் போட்டேன். மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னம்மா இது, சட்டிய எடுத்து வச்சிருக்கே? அவன் அங்கேருந்து தூக்கிட்டு வந்த சாமான்மா அது.”

“தெரியும் மாமி.”

“ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?”

“ஞாயித்துக்கெழம இது நின்னுபோச்சுன்னா எனக்கு வகுப்பே இல்ல மாமி.”

மாமி பிஸ்மில்லா சொன்னார். எனக்காகச் சொன்னாரா, லேப்டாப்புக்காகச் சொன்னாரா தெரியாது. கடைசித் திருகின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, கிழித்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று. கம்பெனியின் பொறுப்பு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் மாமியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அதைக் குத்திக் கிழித்தேன். காலாவதியான ஏ.டி.எம். கார்டை இடுக்கில் நுழைத்து நெம்பினேன். மூடி டப்பென்று பிரிந்தது. உள்ளே காற்றாடி முழுக்கத் தூசி. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் காற்றில் பறக்கும் நெல்தூசி, இத்தனை வருடமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெயிண்ட் பிரஷால் தட்டி எடுத்தேன்.

வைஃபை கார்டு ஒரு ஓரத்தில் இருந்தது. அதன் தலையில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு முடிபோன்ற வயர்கள். வயரின் நுனியில் கடுகளவு பித்தளை மூடி. பழைய கார்டிலிருந்து அவற்றைக் கழற்றியபோதுதான் மாமியின் போன் அடித்தது. மகன். மாமி என்னைப் பார்த்தார், பிரிந்து கிடக்கும் லேப்டாப்பைப் பார்த்தார், போனைக் காதில் வைத்தார்.

“அவ குளிக்கப் போயிருக்கா தம்பி. அப்புறம் பேசு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். புதுக் கார்டைச் சொருகித் திருகை முடுக்கினேன். கறுப்பு வயர் முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிட்டது. வெள்ளை உட்காரவில்லை. வைத்து அழுத்தினால் நழுவியது, மறுபடி வைத்தால் மறுபடி நழுவியது. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்தது. போன் இன்னொரு முறை அடித்தது. மாமி மறுபடியும் என்னைக் குளிக்க வைத்தார். வைத்துவிட்டு என் பக்கம் குனிந்து, “சீக்கிரம் மாட்டும்மா, எவ்வளவு நேரந்தான் உன்னக் குளிக்க வைக்கிறது?” என்றார். அந்த நேரத்தில்தான் விரல் நுனிக்குக் கீழே க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

மூடியைப் போட்டு, சட்டியிலிருந்து திருகுகளை எடுத்து அதனதன் இடத்தில் முடுக்கினேன். ஒன்றுகூட மிச்சமில்லை. பொத்தானை அழுத்தியதும் லேப்டாப் எழுந்தது. வைஃபை பட்டியலைத் திறந்தேன். எங்கள் வீட்டுப் பெயர் இரண்டு தடவை இருந்தது. வாலோடு ஒன்று, வால் இல்லாமல் ஒன்று. “மாமி, வந்துடுச்சு!” என்று நான் கத்திய கத்தலில் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாள் பதறி ஓடிவந்தார்.

அந்தச் சந்தோஷம் பின்னறைக்குப் போகும்வரைதான். மேஜையில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தால் புது அலைக்கு ஒரே ஒரு சிக்னல் கோடு. அதுவும் வருகிறது, போகிறது. அன்று இஷா நேரத்தில் வீடியோ ஒன்றை ஓடவிட்டேன். வழக்கம்போல் நின்றது.

அழுகை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்வந்து, வெளிநாட்டுச் சாமானைப் பிரித்து மேய்ந்து, மாமியைப் பொய் சொல்ல வைத்து, கடைசியில் பழைய இடத்திலேயே நிற்கிறேன். அடுத்த மாதம் பெட்டி வரும்வரை காத்திருந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததுமே மறுபடி கோபம் வந்துவிட்டது, நல்ல வேளையாக.

சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தபடி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கோடுகளைப் பார்த்தபடியே வீட்டுக்குள் நடந்தேன். பின்னறையில் ஒன்று. நடுஹாலிலும் ஒன்றுதான். முன்ஹாலுக்குள் காலை வைத்ததும் சட்டென்று நிரம்பியது. ஒரே ஒரு சுவர்தான் நடுவில். பின்னால் வந்தேன், விழுந்தது. முன்னால் போனேன், நிரம்பியது. அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். என் முகமே என்னைப் பார்த்தது.

அங்கே இருந்தது எங்கள் ஷோகேஸ். எங்கள் தெருவில் முன்ஹால் இருந்தால் ஷோகேஸ் இருக்கும். தங்க வரி போட்ட கோப்பைகள், அத்தர் குப்பிகள், யாரும் ஒரு தடவையும் தேநீர் ஊற்றாத கூஜா, எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் காட்டுவதற்குப் பின்பக்கம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. லைன் போட ஆள் வந்த அன்று என் கணவர் வீடியோவில் இருந்து, “ரவுட்டர ஷோகேஸ்ல வைக்கச் சொல்லு, தூசி படாது, வர்றவங்க கண்ணுலயும் படும்” என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. தெருவில் நான் போய்ப் பார்த்த எல்லா வீட்டிலும் ரவுட்டர் ஷோகேஸுக்குள்தான் கொலுவீற்றிருக்கிறது.

“மாமி, சாவி கொடுங்க” என்றேன்.

ஷோகேஸ் சாவி மாமியின் இடுப்பில் இருக்கும். மகன் விடுமுறையில் வரும்போதுதான் அது திறக்கும். “அதுல எதுக்குக் கை வைக்கிறே? அவன் வச்ச எடத்துலயே இருக்கட்டும்” என்றார். முந்தைய நாள் என் பக்கம் நின்றவர், ஷோகேஸ் என்றதும் மகன் பக்கம் போய்விட்டார்.

“மாமி, இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ரசம் பூசியிருக்கு. வெளிச்சத்தத் திருப்பி அனுப்புற மாதிரி இது வைஃபையையும் திருப்பி அனுப்பிடும். பழைய அலை எப்படியோ சுத்தி வளைச்சு உள்ள வந்துடும். புதுசுக்கு அந்தச் சாமர்த்தியம் கெடையாது. உள்ள வர வேண்டியதெல்லாம் தெருப் பக்கமாப் போயிக்கிட்டு இருக்கு.”

மாமியின் முகம் சிவந்துவிட்டது. “அப்ப இத்தன நாளா நம்ம வீட்டு வைஃபைய ரோட்டுல போறவன் வர்றவனுக்கா கொடுத்துக்கிட்டு இருந்தோம்?”

“ஏறக்குறைய அப்படித்தான் மாமி.”

இடுப்பிலிருந்து சாவியை உருவி அவரே திறந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ரவுட்டரின் வயர் நிறையவே சுருண்டு கிடந்தது. நடுஹால் வாசல் நிலைக்கு மேலே ஒரு பலகை உண்டு. முட்டிவலியோடு மாமி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி, ரவுட்டரை அந்தப் பலகையில் வைத்தேன். இறங்கி வந்து பின்னறையில் பார்த்தேன். கோடுகள் அத்தனையும் நிரம்பியிருந்தன. ஷோகேஸில் ரவுட்டர் இருந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது என்று மாமி ஒரு அத்தர் குப்பியை நகர்த்தி அங்கே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாங்கு சொல்லி முடித்ததும் வகுப்பைத் திறந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்தப் பெண்ணின் சதுரத்தில் பக்கத்து நாற்காலியில் அவளுடைய அம்மா, கையைக் கட்டிக்கொண்டு. வெளியே தெருவே வெளிநாட்டோடு பேசிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுப் பெண் மோட்டாரைப் பற்றிச் சொல்வதுகூடக் கேட்டது. நான் பேனாவை எடுத்து, அடைப்புக்குறியை நீக்கும் கணக்கு ஒன்றை எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிக்கும் என் முகம் நின்றுவிட்டதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். நிற்கவில்லை. மூன்றாவது வரியை எழுதி நான்காவதற்குப் போகும்போது ஒரு குரல் கேட்டது.

“மிஸ், அது ப்ளஸ் இல்ல, மைனஸ். வெளியில மைனஸ் இருக்கே.”

அந்தப் பெண்தான். அதுவரை என் வகுப்பில் வாய் திறந்து ஒரு சந்தேகம்கூடக் கேட்டிராத பெண். அவள் சொன்னது சரி. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண் குறியைக் கோட்டைவிட்டிருந்தது.

“மிஸ்ஸையே திருத்துறியாடி?” என்று அவள் அம்மா அதட்டினார்.

“விடுங்கம்மா. அவதான் சரி. தப்புப் போட்டது நான்.”

அழித்து மைனஸ் போட்டேன். எந்த டீச்சரும் தன் தப்பைத் திருத்தும்போது அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். நான் எழுதிய அந்த நொடியிலேயே அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வரிகூட நடுவில் தொலையவில்லை. அவள் அம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்துத் திரைக்கு அருகே வந்தார்.

“புது லேப்டாப் வாங்கிட்டீங்களா மிஸ்?”

அடக்கமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

“இல்லைங்க. அதே பழசுதான். நானே பிரிச்சு, உள்ள இருக்கிற வைஃபை கார்ட மாத்தினேன்.”

“நீங்களேவா?”

“நானேதான்.”

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எப்படிப் பிரிச்சீங்க மிஸ், ஷாக் அடிக்கலையா மிஸ் என்று ஒரே கூச்சல். அந்தப் பெண் அம்மாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, “பழைய கார்டக் காட்டுங்க மிஸ்” என்றாள்.

அவள் அம்மா அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். “அதெல்லாம் செவ்வாக்கெழம வகுப்புல காட்டுவாங்க. இப்ப கணக்கப் பாரு” என்றார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வரியை எழுதினேன்.